செல்வி வீட்டுக் கடனில் இரண்டாவது பெயர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்கோபமும் உண்டு. பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த இரண்டும் ஆகாது என்று என் மனைவி பார்வதி தினமும் சொல்வாள். ஆனாலும் பாருங்கள், புதுச்சேரியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சக்கரபாணி இதே வாயை வைத்துக்கொண்டுதான் கடை நடத்துகிறேன். பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள், பாரீசிலிருந்து வந்து பூர்வீக வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. 2008-ல் வந்த செல்வியின் கதைதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

முழுப் பேர் செந்தமிழ்ச்செல்வி. மில் தொழிலாளியான அப்பா ஆசையாக வைத்த பேர். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். முப்பத்திரண்டு வயது. அதிர்ந்து பேச மாட்டாள். கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு என்று ஒரு சின்ன வீடு. அவளும் புருஷன் செம்மலும் சேர்ந்து வங்கிக் கடனில் கட்டியது. பத்திரத்திலும் இரண்டு பேர், கடனிலும் இரண்டு பேர்.

ஏழு வருஷம் பிள்ளை இல்லை. மாமியார் அஞ்சலாட்சி விடிந்தால் எழுந்தால் "மலடி, மலடி" என்று கரித்துக் கொட்டினாள். கடைசியில் செம்மல் தாயைக் கூட்டிக்கொண்டு முதலியார்பேட்டையில் வாடகைக்குப் போனான். கோர்ட்டில் இருவரும் சம்மதித்து விவாகரத்தும் ஆயிற்று. அடுத்த வருஷமே அவனுக்கு பிரெஞ்சு குடியுரிமை உள்ள பெண் அமைந்தாள். எங்கள் ஊரில் அது லாட்டரி விழுந்த மாதிரி. கல்யாணம் முடிந்து பிரான்சுக்கு விசாவும் வந்துவிட்டது, அடுத்த வியாழக்கிழமை விடியற்காலை விமானம் என்ற நிலையில்தான் செல்வி என் கடைப் படியேறினாள்.

"ண்ணா, அவர் போயிட்டா என் வூடு போயிடும்ணா" என்றாள்.

விஷயம் இதுதான். வீட்டுக்கடன் வாங்கும்போது தேதி போட்ட செக்குகளைக் கட்டாகக் கையெழுத்துப் போட்டு வங்கிக்குக் கொடுத்திருந்தான் செம்மல். மாதம் ஒன்றாம் தேதி ஒரு செக் போகும். விவாகரத்து ஆன பிறகு அந்தக் கணக்கில் அவன் ஒரு பைசா வைக்கவில்லை. செல்விக்குச் சம்பளம் ஏழாம் தேதி. எட்டாம் தேதி காலையில் முதல் ஆளாக நின்று தவணையை ரொக்கமாகக் கட்டிவிடுவாள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, கவலை இல்லை என்று நினைத்திருக்கிறாள், பாவி. அதற்குள் செக் போய், பணம் இல்லை என்று திரும்பி வந்திருக்கும். பதினோரு மாதம், பதினோரு செக். அவள் கட்டியதில் ஒரு பகுதி அபராதத்துக்கே போய், தவணை பாக்கி நின்றது. வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது: கணக்கைச் சரிசெய்து இருவரும் புதிதாகக் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும்.

செம்மலோ ஒரே பிடியாக நின்றான். கடனிலிருந்து என் பேரை எடுத்தால் வீட்டில் என் பங்கை விட்டுத்தருகிறேன், இல்லையென்றால் ஆளை விடுங்கள் என்றான். யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று நான் எவ்வளவோ சொன்னேன். முடியாது என்றுவிட்டான்.

நானும் அவளோடு வங்கிக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார்.

"கட்டிட்டேனே சார்! இதோ பாருங்க, எல்லாத்துலயும் உங்க சீல் இருக்கு" என்று செல்வி ரசீதுகளை மேசையில் பரப்பினாள்.

"கட்டலைன்னு நான் சொல்லலைம்மா. ஆனா உங்க கடன் கணக்குல பதினோரு செக் ரிட்டர்ன் ஏறிக் கிடக்கு. உங்களை மட்டும் நம்பி மேலிடம் கடனை விடாது. அவர் இடத்துல நிரந்தரச் சம்பளம் வாங்குற சொந்தக்காரங்க ஒருத்தர் வரணும்."

எனக்கு வந்ததே கோபம். "மாசாமாசம் இந்தப் பொண்ணு உங்க எதிர்லதான் வந்து நின்னுச்சு. செக் திரும்புதும்மான்னு ஒரு வார்த்தை சொல்ல உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க யாரு?" என்றார். செல்வி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவள் அண்ணன் கலைவாணன் மின்துறையில் வேலை பார்க்கிறவன். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு சம்பளச் சீட்டும் கொடுத்தான். விண்ணப்பம் போயிற்று. புதன்கிழமை காலை வங்கியில் கையெழுத்து, வங்கிக் கடிதம் கைக்கு வந்ததும் மதியம் பதிவு அலுவலகத்தில் செம்மல் தன் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் அவன் சென்னைக்கு. எல்லாம் பேசி முடித்தாயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் கலைவாணன் செல்லை அணைத்துவிட்டான். வீட்டுக்குப் போனால் அவன் பெண்டாட்டி வாசலை மறித்துக்கொண்டு, "புருஷனையே நிக்க வைக்கத் தெரியல, கடனையா நிக்க வைப்பே?" என்று கேட்டாளாம். அந்த வாயில் நல்ல வார்த்தையே வராதா?

செல்வி செம்மலுக்குப் போன் செய்து, பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அவன் கத்திவிட்டு வைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை என் கடை பெஞ்சில் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வாய் நீளம் என்றேனே, அன்று அது எதற்கும் உதவவில்லை.

அப்போதுதான் அஞ்சலாட்சி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். செல்வி விருட்டென்று எழுந்து நின்றாள். எங்கே சண்டை வந்துவிடுமோ என்று நானும் எழுந்தேன்.

"போன்ல அவன் கத்துனதைக் கேட்டேன். உங்கண்ணன் வரலியாமே" என்றாள் அஞ்சலாட்சி. "நான் போடறேன் கையெழுத்து."

அவளுக்குப் பொதுப்பணித்துறையில் தோட்ட வேலை. புருஷன் செத்தபிறகு அவன் இடத்தில் கிடைத்த நிரந்தர வேலை. ஐம்பத்தோரு வயது. ஓய்வுக்கு ஒன்பது வருஷம் இருந்தது. கடனுக்கு மீதி எட்டு வருஷம். காரியக்காரி, எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"ஏன்?" என்றாள் செல்வி.

"ஏனா? அவன் நாளைக்குப் போறான். வாடகை ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டான். மாசாமாசம் துட்டு அனுப்புறானாம். துட்டு மேலயா படுத்துக்க முடியும்? பின் ரூமு எனக்கு வோணும், சாவுற வரைக்கும். தவணையில பாதி நான் கட்டறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உன்னைப் பேசுனது பேசுனதுதான். மன்னிப்புலாம் கேக்கத் தெரியாது எனக்கு."

செல்வி வேண்டாம் என்றால் வீடு போகும். சரி என்றால், எந்த வாய்க்குத் தப்பினோம் என்று பிரிந்த நாளிலிருந்து நிம்மதியாக இருந்தாளோ அதே வாயோடு கடைசி வரைக்கும் ஒரே கூரைக்கடியில்.

"மலடின்னு இன்னொரு வாட்டி சொன்னே, மறுநாளே நீ வெளிய போயிடணும்" என்றாள் செல்வி.

"சொல்லல."

"எழுதித் தர்றியா?"

"எழுதச் சொல்லு. ரேகையும் வைக்கிறேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அட ராமா! இதற்கு எந்தப் பத்திரம் எழுதுவது? ஒரு வெள்ளைத் தாளில் அப்படியே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிச் செல்வியிடம் கொடுத்தேன். சட்டத்தில் செல்லுபடியாகாது என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த நிமிஷமே மூவரும் வங்கிக்கு ஓடினோம். மேனேஜர் அஞ்சலாட்சியின் சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. படிவத்தில் உறவு என்ற இடத்தில் அவர் பேனா நின்றது.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"மாமியார்" என்றாள் செல்வி மெல்ல.

"விவாகரத்து ஆயிடுச்சேம்மா. அப்புறம் ஏது மாமியார்?"

அஞ்சலாட்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவன் ரத்து பண்ணிகினான் சார். என்னை யாரு கோர்ட்டுக்குக் கூப்ட்டாங்க? நான் எதுலயும் கையெழுத்து போடலியே!"

மேனேஜர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்து உள்ளே போய் மேலிடத்துக்குப் போன் செய்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து, "நாளைக்குப் பன்னெண்டு மணிக்குக் கடிதம் தர்றேன்" என்றார்.

புதன்கிழமை கடிதம் கைக்கு வரும்போது மணி இரண்டரை. பதிவு அலுவலகத்தில் நாலு மணிக்கு மேல் பத்திரம் வாங்க மாட்டார்கள். செம்மல் மூன்றேகாலுக்குத்தான் என் கடைக்கு வந்தான். புதுச் சட்டை, புது ஷூ. பத்திரத்தைப் படித்தவன் பின்னால் இணைத்திருந்த வங்கிக் கடிதத்தில் தன் தாயின் பேரைப் பார்த்தான். அதுவரை அவனுக்குத் தெரியாது.

"இன்னாம்மா இது? இவ ஊட்டுக் கடனுக்கு நீ மாட்டிக்கினியா? இவ கட்டலன்னா உன் சம்பளத்துல புடிப்பான், தெரியுமா?" என்று இரைந்தான். பிறகு செல்வியைப் பார்த்து, "எங்கம்மாவை ஏமாத்திட்ட இல்ல? நான் கையெழுத்து போட மாட்டேன். ஊடு ஏலத்துக்கே போவட்டும்" என்று பத்திரத்தைக் கீழே வீசினான்.

மணி மூன்று நாற்பது. டேய் மடையா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எதிரே அலுவலகத்தில் குமாஸ்தா எங்கள் எண்ணை ஒரு தரம் கூப்பிட்டுவிட்டான்.

அஞ்சலாட்சி சத்தம் போடவில்லை. கீழே விழுந்த தாளை எடுத்துத் தூசி தட்டினாள்.

"சரிடா, போடாத. நான் வங்கிக்குப் போயி வேணான்னு சொல்லிடறேன். சாயந்திரம் பஸ்ஸுல எனக்கும் ஒரு சீட்டு போடு. என்னையும் கூட்டிகினு போ."

செம்மல் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"கூட்டிகினு போடா. நீ பெரிய எடத்துக்குப் போறே. உன் கூடவே இருந்துடறேன்."

அவன் தாயைப் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தான்.

அலுவலகத்துக்கு ஓடி, ரேகை வைத்துப் பதிந்து முடிய நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. வெளியே வந்து தாயின் காலில் விழக் குனிந்தான். அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"போ, பஸ்ஸு போயிடும்" என்றாள்.

அவன் போய்த் தெரு முனை திரும்பும் வரை நின்று பார்த்தாள். பிறகு அலுவலகப் படியில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பத்திரம் பதிய வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

செல்வி சற்று தள்ளியே நின்றிருந்தாள். பிறகு கிட்டே போய் அவளுடைய பிளாஸ்டிக் கவரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எழுந்திரு அத்தே. அழுவுறதுன்னா நம்ம ஊட்டுல வந்து அழு."