அண்ணனை வெளியே அனுப்பியது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் பஸ் ஓட்டுவேன். நிஜ பஸ் இல்லை, கம்ப்யூட்டரில். மற்ற நாட்களில் துடியலூரிலிருந்து காந்திபுரம் போய், அங்கே பஸ் மாறி, சிங்காநல்லூரில் பம்ப்செட் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பில் போடுகிறேன். போக வர பெரும்பாலும் நின்றுகொண்டேதான். ஒரு நாளாவது ஸ்டீரிங் என் கையில் இருக்கட்டுமே என்றுதான் ஆரம்பித்தேன்.

யாரோ ஒரு புண்ணியவான் நம் ஊர்ச் சாலைகளை அப்படியே வரைந்து அந்த விளையாட்டில் சேர்த்திருந்தார். மேட்டுப்பாளையம் ரோடு, கவுண்டம்பாளையம் பாலம், சிக்னல்கள் எல்லாம் இருந்தன. தனியாக ஓட்டி அலுத்துப்போனதும், மற்றவர்களும் வந்து சேர்ந்து ஓட்டட்டும் என்று ஒரு ரூம் திறந்தேன். பஸ்கள் வரிசையாகக் கிளம்பி, ஒழுங்காக நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு காந்திபுரம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ரூமைத் திறந்தவள் நான் என்பதால் அதில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நானே பஞ்சாயத்து என்பது போகப் போகத்தான் புரிந்தது.

கெடுப்பதற்கென்றே சிலர் வருவார்கள். எதிர்ப்பக்கமாக வந்து மோதுவார்கள். சிக்னலில் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு மைக்கில் கெட்ட வார்த்தை பேசுவார்கள். முதலில் தன்மையாகச் சொல்லிப் பார்ப்பேன். பெண் குரல் கேட்டதும் சிலர் அடங்குவார்கள், சிலருக்கு இன்னும் கொண்டாட்டமாகிவிடும். கேட்காதவர்களை வெளியே தூக்கிவிடுவேன். பெயர்மேல் அழுத்தி ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாரையோ பந்தியில் பாதியில் எழுப்பிவிட்டது போல இருக்கும். அவரே வேறு பெயரில் திரும்பி வருவார், மறுபடியும் எழுப்ப வேண்டும். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது போன் அதிரும். இன்னார் என்னை இடித்தார், இன்னாரை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று வீடியோ சகிதம் புகார் வந்திருக்கும்.

இந்த நிலையில்தான் என் அண்ணன் தானும் வருகிறேன் என்றார். அவர் காந்திபுரத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் புகார் கவுண்டரில் இருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், அதிர்ந்து பேசாத ஆள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணன் என்று யாருக்கும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஒழுங்காக ஓட்டினார். அடுத்த வாரம் இடிக்க ஆரம்பித்தார். புதிது, கை பழகவில்லை என்று நினைத்தேன். அப்புறம் மைக்கில் அவர் சிரிப்பதைக் கேட்டேன். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதே இல்லை. ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டார். அவர் கண்ணில் அதிகம் பட்டவர், கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் ஒரு பாய். பாய் நிதானமாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஓட்டுகிறவர். அவர் வண்டியைக் கவுண்டம்பாளையம் பாலத்தின் மேலிருந்து கீழே தள்ளிவிட்டார் அண்ணன்.

போனில் கூப்பிட்டுச் சொன்னேன். விளையாட்டுதானே என்றார். அடுத்த வாரமும் அதே கதை. பாய் என்னிடம் தனியாகப் பேசினார். "நீங்க சங்கடப்படாதீங்கம்மா. நான் கொஞ்ச நாள் ஒதுங்கிக்கறேன்" என்றார். இடிபட்டவர் ஒதுங்குகிறேன் என்றதும் எனக்கு என்னவோ செய்தது. வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே தூக்கியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரிய ஆரம்பித்திருந்தது.

அடுத்த ஞாயிறு எல்லாரும் கேட்கும்படி மைக்கில் சொன்னேன். "அண்ணா, இன்னொருக்கா இடிச்சீங்கன்னா வெளிய எடுத்துருவேனுங்ணா."

பதிலுக்கு ஹாரன் அடித்தார். சாய்பாபா காலனி சிக்னலில் நின்றுகொண்டிருந்த இன்னொருவர் வண்டியை இடித்தார். எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வேறு பெயரில் வந்தார். ஹாரன் அடிக்கிற விதத்திலேயே அவர்தான் என்று தெரிந்தது. இனி அந்தப் பெயரிலும் நுழைய முடியாதபடி அடைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். கோபமெல்லாம் இல்லை. சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, மறுநாளே கூப்பிட்டார். "ஏங்கண்ணு, கூடப் பொறந்தவனைப் போயி வெளிய போன்னு சொல்லிப்போட்டயாமா?" என்றார். அது கம்ப்யூட்டரில் விளையாடுவது என்று விளக்கினேன். எதிலாக இருந்தால் என்ன, வாசலில் நிறுத்தியது நிறுத்தியதுதானே என்றார். கடைசியாக, குரலை இறக்கி, "நாளைக்கு அவன் மடியிலதான உம்புள்ளைய உக்கார வெக்கோணும்" என்றார்.

மகளுக்கு அடுத்த மாதம் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடி இல்லாமல் நடக்காது. விசேஷம் முடிகிற வரைக்குமாவது அண்ணனைத் திரும்பச் சேர்த்துக்கொள், வருகிற ஒறம்பரைகள், சொந்தபந்தங்கள் முன்னால் சங்கடம் வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் திரும்பச் சேர்த்தால் திரும்ப இடிப்பார், திரும்பப் புகார் வரும், திரும்ப நான்தான் எடுக்க வேண்டும். அதை நினைத்தாலே அசதியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

வெற்றிலை பாக்குத் தட்டோடு இருவரும் அண்ணன் வீட்டுக்கு அழைக்கப் போனோம். அண்ணி காபி கொடுத்தார். அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டு, எத்தனை மணிக்கு முகூர்த்தம், எந்தப் பக்கம் வண்டி நிறுத்துவது என்று கேட்டார். விளையாட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் விசேஷத்தன்று வருவாரா மாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

வந்தார். எங்களுக்கு முன்னாலேயே கோயிலுக்கு வந்து, சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மகள் வீறிட்டு அழுதபோது அவள் தலையை நெஞ்சோடு அணைத்து, காதருகே என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சட்டையெல்லாம் அவள் கண்ணீரும் எச்சிலும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேரும் தனியாக நின்றோம். அவராகத்தான் சொன்னார்.

"நாள் முச்சூடும் யாராச்சும் வந்து திட்டிக்கிட்டே இருப்பாங்க அம்மணி. அவங்க ஊட்டு மிக்ஸி ஓடலீன்னா நாந்தான் ஒடச்ச மாதிரி. சரிங்க, பாக்கறேனுங்க, மன்னிச்சுக்குங்கன்னு இதேதான் பேச்சு. அந்த வெளையாட்டு ஒண்ணுலதான் யாருக்கும் 'ங்க' போடாம இருந்தேன்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அந்த பாயும் நாள் முச்சூடும் கடையில 'ங்க' போடறவருதானுங்ணா."

துண்டில் கையை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "அதுவுஞ் சரிதான்" என்றார். அதற்குள் யாரோ மொய் எழுதும் இடத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

அதன்பிறகு அவர் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. நானும் சேர்க்கவில்லை. பாய்க்குப் போன் போட்டேன். அடுத்த ஞாயிறு தொழுகை முடித்துவிட்டு வந்து, எப்போதும் போல எல்லா நிறுத்தத்திலும் நின்று ஓட்டினார். அன்றும் புதிதாக ஒருவர் வந்து பாலத்தில் குறுக்கே நின்றார். சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்தேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் காந்திபுரத்தில் இறங்கியவள், நேரே அண்ணன் கடைக்குப் போனேன். கவுண்டரில் ஒரு ஆள் கிரைண்டர் பெட்டியைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணைக் காட்டி இருக்கச் சொன்னார். அந்த ஆள் போனதும் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போனோம். கிரைண்டரில் கோளாறே இல்லை, ப்ளக்கைச் சரியாகச் செருகவில்லை என்றார். அதை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னால் இன்னும் கத்துவார், சர்வீஸ் செய்து தருகிறோம் என்று வாங்கி வைத்துவிட்டேன் என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அலுப்பா இருந்தா அந்த ரூமை உட்டுப்போடு அம்மணி."

"நான் உட்டா பாய் மாதிரி ஆளுக எங்க போயி ஓட்டுவாங்க?" என்றேன்.

டீக்கடையிலிருந்தே கவுண்டரில் அடுத்த ஆள் வந்து நிற்பது தெரிந்ததும், அண்ணன் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.