ஒரே ஆளின் ஐந்து கையெழுத்துகள்

என் ஆட்டோகிராப் நோட்டில் ஐந்து கையெழுத்துகள் இருக்கின்றன. ஐந்தும் ஒரே ஆளுடையவை. அவர் நடிகரில்லை, விளையாட்டு வீரருமில்லை. நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் மாவட்டப் பெண்கள் பேஸ்பால் அணிக்கு மேனேஜராக இருந்தவர். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது இண்டூரில் மாந்தோப்போடு குடியிருக்கிறார்.

பேஸ்பாலா, அதெல்லாம் இங்கே யார் ஆடினார்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் ஆடினோம். நான் கேட்சர். மட்டை பிடித்து நிற்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எறிகிற பந்தை எல்லாம் பிடிக்க வேண்டும். அந்த மூன்று நாள் போட்டியில் நான் பிரமாதமாகப் பிடித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் என் கையில் இருப்பது ஒரே ஒரு சான்றிதழ். அதில் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் இருக்கிறது. பதினெட்டுப் பேருக்கும் அதே வார்த்தைதான். போட்டோ இல்லை. பயிற்சியாளர் காலமாகிவிட்டார். கூட ஆடியவர்கள் கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் துணிக்கடைக்கு வரும் பெண்களிடம் நான் இந்தக் கதையை ஆரம்பித்தாலே என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "கலந்துக்கிட்டேன்னுதான போட்டிருக்கு? பெஞ்சுல உக்காந்துக்கிட்டு இருந்திருப்ப" என்பார். இருபத்தைந்து வருடமாக இதே கேலி. எனக்கோ கோபம் மூக்கின் மேல். நான் நன்றாக ஆடினேன் என்று ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மேனேஜர் இண்டூரில் இருப்பதை ஒரு வாடிக்கையாளர் சொன்னதும் புது நோட்டோடு பஸ் ஏறினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் உட்காரவைத்து மோர் கொடுத்தார். நோட்டை நீட்டினேன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மேல ஒண்ணுமே எழுதலைங்களே?"

"ஆட்டோகிராப் சார். வெறும் பக்கத்துலதான் வாங்குவாங்க."

"வெத்துப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டதே இல்லைங்க. எதாச்சும் எழுதுங்க, படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்."

எரிச்சலில், 'இண்டூர் வந்தேன், மோர் குடித்தேன்' என்று எழுதினேன். இரண்டு முறை படித்தார். என் வரிக்கு மேலே மிச்சமிருந்த இடத்தில், பிற்பாடு யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

சரி, வழி இதுதான் என்று புரிந்துகொண்டேன். ஒரேயடியாகக் கேட்டால் மிரள்வார், கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம் என்று திட்டம். அடுத்த முறை, 'நான் மாவட்ட பேஸ்பால் அணியில் இருந்தேன்' என்று எழுதினேன். தன் பழைய கோப்பைத் தேடி எடுத்து, பட்டியலில் என் பெயரைப் பார்த்த பிறகே கையெழுத்து விழுந்தது. மூன்றாவது, 'ரயிலில் போய் மூன்று நாள் தங்கினோம்'. நான்காவது, 'எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்தோம்'. இதற்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை, படித்த கையோடு போட்டார்.

ஐந்தாவது முறை என் கணவரும் கூட வந்தார். இப்படி ஒரு மனிதர் நிஜமாகவே இருக்கிறாரா என்று பார்க்கத்தான். நான் துணிந்து, 'நான் நல்ல கேட்சர்' என்று எழுதி நீட்டினேன். படித்தார். பேனாவை மூடிவிட்டார்.

"நான் ஆட்டத்தப் பாக்கலைங்களே."

"மூணு நாளும் அங்கதான சார் இருந்தீங்க?"

"சமையக்கட்டுல இருந்தேன். இல்லாட்டி ஸ்டேஷன்ல, டிக்கெட் எடுக்கற எடத்துல இருந்தேன். பதினெட்டுப் பொம்பளப் புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போயி முழுசா வூடு கொண்டாந்து சேக்கணும். எனக்கு அதுதாங்க மேட்ச்சு. பாக்காததுக்கு எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, செருப்பைக் கழற்றி வீசினேன். மரத்தடியில் காற்றுக்கு உதிர்ந்த மாங்காய்கள் கிடந்தன. பொறுக்கி அவர் மடியில் கொட்டினேன்.

"இப்பப் பாருங்க. எறிங்க சார்!"

"அட, வேணாங்க. கையில பட்டுரும்."

"எறிங்க!"

நான் குந்தி உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எறிந்தார். முதல் காய் உள்ளங்கையில் கல் மாதிரி வந்து விழுந்தது. பிடித்துவிட்டேன். அதன் பிறகு முழங்கால் வலி மறந்துபோயிற்று. வயது மறந்துபோயிற்று. ஒரு காய் எட்டாத உயரத்தில் என் தலைக்கு மேலே பறந்து கோழிகளைக் கலைத்தது. இன்னொன்று கைக்கு வந்து நழுவியது. மற்றதெல்லாம் என் கையில்தான். கணவர் எப்போது சிரிப்பை நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

மேனேஜர் கையைக் கழுவி, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டுத் தானே எழுதத் தொடங்கினார். 'இன்று பத்து மாங்காய் எறிந்தேன். எட்டைப் பிடித்தார். ஒன்று என் எறிதலின் பிழை. ஒன்று இவர் பிழை.' கீழே தேதியும் கையெழுத்தும்.

அதை வாங்கிச் சத்தமாகப் படித்த என் கணவர், "பிழைன்னு எழுதிட்டாரே, அடுத்த வாட்டி வந்து சரி பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

வேண்டாம் என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். இத்தனை வருடத்தில் என் ஆட்டத்தில் யாரும் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு.