வலிப்பு மாத்திரையும் கன்றிய கைகளும்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நான் தூத்துக்குடி துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். என் மனைவியின் வலிப்புக்கு டாக்டர் பினோபார்பிடோன் மாத்திரை கொடுத்தார். வலிப்பு நின்றது. ஆனால் அவள் கைகளெல்லாம் அடிபட்டதுபோல் கன்றி நீலம் பாரித்தன.

நாசரேத்திலிருந்து வந்த மாமனார் அதைப் பார்த்துவிட்டார். "என்ன மாப்ள, எம் மவள அடிக்கீரா?"

"ஐயோ அப்பா, அவுக கை நீட்டுனதே இல்ல," என்றாள் அவள்.

அவர் நம்பவில்லை. இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"மாத்திரையாலதான் இருக்கணும். ஏன் சிலருக்கு மட்டும் இப்படி வருதுன்னு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்கு. நிறுத்திப் பாருங்க," என்றார்.

நிறுத்தினோம். கன்றல் மறைந்தது, வலிப்பு திரும்பியது. அடுப்பருகே விழுந்து துடித்தவளின் தலையை நான் மடியில் தாங்கினேன். மாமனார் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு, "அந்த மாத்திரையவே குடுத்துரும், மாப்ள," என்று அழுதார்.

வேறு மருந்து எந்தக் கப்பலிலும் வரவில்லை. அதையே கொடுத்தேன்.