அது தம்பியின் வாட்ச்தானா

தம்பி சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. சங்குமுகம் கடற்கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, முகம் அடையாளம் தெரியவில்லை, கையில் பழைய வாட்ச் இருந்தது, வந்து பாருங்கள் என்றார்கள். ஆரியசாலையில் அரிசிக் கடை வைத்திருந்த அப்பா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஆட்டோவில் ஏறினார்; நானும் கூட ஏறிக்கொண்டேன். அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது.

எஸ்.ஐ. வாட்சை மேசைமேல் வைத்தார். அப்பா தன் கல்யாணத்துக்குக் கட்டியிருந்து, பிறகு தம்பிக்குக் கொடுத்த அதே சுவிஸ் கம்பெனி. அதே வட்டம். அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்க வாட்ச்தாம்டே. என் கையில கெடந்தது எனக்குத் தெரியாதா?"

அந்தக் காலத்தில் பாதி ஊர் அந்த வாட்சைத்தான் கட்டியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் டயல் ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் தண்ணீர் இறங்கி டயல் கறுத்துவிட, சாலை பஜார்க் கடையொன்றில் நானும் தம்பியும் வேறொரு பழைய வாட்சின் டயலை வாங்கிப் போட்டிருந்தோம். அதன் பின்பக்கத்துக் கம்பிக்கால்கள் மெஷினின் துளைகளில் பொருந்தவில்லை. கடைக்காரர் கால்களை நறுக்கிவிட்டுப் பசை வைத்து ஒட்டினார்.

முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணாடிக்குள் உப்புப் பூத்து, எழுத்தெல்லாம் அழிந்திருந்தது.

"சார், இதைத் துறந்து நோக்கணும்," என்று மலையாளத்தில், வாட்சைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"கண்டிட்டு மனசிலாவுன்னில்லே?" என்று, பார்த்தாலே தெரியவில்லையா என்ற தொனியில் கேட்டார் எஸ்.ஐ. என் முகத்தைப் பார்த்ததும் எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்காரரைக் கூப்பிட ஆளனுப்பினார்.

ரிப்பேர்காரர் மூடியைத் திறந்து, முள்களை எடுத்து, திருகுகளைத் தளர்த்தினார். டயல் எளிதில் வரவில்லை. பசைதான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். பசை இருக்கக் கூடாது, பத்மநாபா, பசை இருக்கக் கூடாது. வேறெதுவும் எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. கத்தி முனையால் அவர் மெல்ல நெம்பியதும் டயல் கழன்றது.

திருப்பிக் காட்டினார். பச்சை பிடித்த இரண்டு செம்புக் கால்கள், முழுசாக. கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பசை இல்லை.

"மாத்தினதல்ல. ஒரிஜினல் தன்னே," என்றார் அவர்.

"அப்பா, இது அவன் இல்ல. நம்ம பய இல்லப்பா."

டயல் மாற்றியதைச் சொன்னதும்தான் அப்பாவுக்குப் புரிந்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்; சிரித்தேன் என்றும் சொல்லலாம். எஸ்.ஐ. உதிரிகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அப்பா அழுகையை நிறுத்தினார்.

"யாரு பெத்த பிள்ளையோடே," என்றார்.

ஓணம் கழிந்து தம்பி சூரத்திலிருந்து போன் செய்தான். துணிமில்லில் வேலை கிடைத்ததாகச் சொன்னான். அப்பா ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கடை திறக்க நேரமாகிவிட்டதென்று இறங்கிப் போனார்.