அண்ணன் ஊதிய ஆரத்தி

காலையில் காபி டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் போன் சிணுங்கினால் அது என் அண்ணன்தான். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு பெசன்ட் நகரில் இருக்கும் என் பொழுதைக் கெடுப்பான். "கடல்நீர் காரத்தன்மை கொண்டது. கரியமில வாயுவால் அது அமிலமாகிறது என்பது சுத்தப் பித்தலாட்டம். அனைவருக்கும் பகிரவும்." அடியில் கைகூப்பும் படம் வேறு. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். எனக்கே அனுப்புவான்.

யாரோ முகம் தெரியாத ஆசாமி என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இதில் அவன் பெண்ணின் படிப்பல்லவா மாட்டிக்கொண்டிருந்தது! எம்.எஸ்ஸி. முடித்திருந்த அவளுக்குக் கோவாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்திருந்தது. காற்றில் இருக்கும் கரியமில வாயு கரையக் கரையக் கடல்நீரின் குணம் மாறுகிறதே, அதைப் பற்றிய ஆராய்ச்சி. மாதக் கடைசிக்குள் 'வருகிறேன்' என்று பதில் அனுப்ப வேண்டும். அப்பா வாயால் சரி என்று சொன்னால்தான் அனுப்புவேன் என்று அவள் பிடிவாதம். அந்த மனுஷனோ, "பொய்யைப் படிக்க எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?" என்று உட்கார்ந்துவிட்டான். "அத்தை, நீதான் அவருக்குப் புரிய வைக்கணும்" என்று அவள் என்னிடம் வந்து நின்றாள்.

புரிய வைப்பதாவது! என் அண்ணன் ஓய்வுபெற்ற என்ஜினீயர். கட்டிய பாலங்களைவிடப் போட்ட சண்டைகள் அதிகம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பஸ் பிடித்து மயிலாப்பூர் போவேன். மன்னி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். நாங்கள் ஆரம்பித்துவிடுவோம்.

"பி.எச். ஏழுக்குக் கீழ போனாத்தான் அமிலம். கடல் எட்டுல இருக்கு. இதை நீதானே பசங்களுக்குச் சொல்லித் தரே?"

"அண்ணா, அமிலமாவே ஆயிடுத்துன்னு யாரும் சொல்லலை. அந்தப் பக்கமா நகர்றதுன்னுதான் சொல்றா. ஜுரம்னா உடம்பு கொதிச்சு ஆவி பறக்கணுமா? ரெண்டு டிகிரி ஏறினாலே படுத்துக்கறோமோன்னோ? அந்த மாதிரி, கொஞ்சம் நகர்ந்தாலே சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டறது கஷ்டமாயிடும்."

"எனக்கு ஜுரமே வரதில்லை."

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? அடுத்த வாரம் போனால் கட்சி மாறியிருக்கும். குணம் மாறுவது வாஸ்தவம், ஆனால் அதற்குக் காரணம் கடலடி எரிமலை என்பான். அதற்கு அடுத்த வாரம், அடையாறு முகத்துவாரத்தில் கலக்கிற சாக்கடை என்பான். "கரையோரத்துல சாக்கடையும் ஒரு காரணம்தான். நடுக்கடல்ல எந்தச் சாக்கடை போய்க் கலக்கறது?" என்று கேட்டால், "அடியே, இவ இன்னொரு காபி கேக்கறா பாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். நான் கேட்கவே இல்லை. எரிச்சலில் அந்தக் காபியையும் குடித்துத் தொலைப்பேன்.

ஒரு நாள் கடலிடமே கேட்டுவிடுவோம் என்று கிளம்பி வந்தான். எங்கள் பெசன்ட் நகர்க் கடற்கரையில், ஊரூர் குப்பத்துக்குப் பக்கத்தில், மணலோரமாகப் பலகை போட்டு மீன் விற்கும் அம்மாளிடம் போய் நின்றோம். ஜன்மத்தில் மீனைத் தொடாத இரண்டு பேர்.

"இன்னா வோணும் நைனா? வஞ்சிரம் கீது, நெத்திலி கீது."

"மீன் வேண்டாம்மா. கடல் தண்ணி முன்னைக்கு இப்போ புளிக்கறதா?"

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கடல் தண்ணி இன்னாத்துக்குப் புளிக்கும்? உப்புதான் கரிக்கும்."

"கேட்டுக்கோ!" என்றான் என்னிடம், வழக்கு ஜெயித்த வக்கீலாட்டம். நான் விடுவேனா? "சிப்பியெல்லாம் முன்ன மாதிரி கெடைக்குதாம்மா?" என்றேன்.

"எங்க கெடைக்குது? ஒண்ணும் இல்ல."

"நீ கேட்டுக்கோ இப்போ!" என்றேன். சிப்பி குறைய ஆயிரம் காரணம் உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

"த்தோ பாரு, மீன் வாங்கலேன்னா ஓரமாப் போய் சண்ட போட்டுக்கினு இரு. யாவாரத்தக் கெடுக்காத" என்று அந்த அம்மாள் எங்கள் இருவரையும் சேர்த்து விரட்டினாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

மாதம் முடியப் போகிற சமயத்தில் அண்ணனுடைய நட்சத்திரப் பிறந்தநாள் வந்தது. கூடப் பிறந்தவள் என்ற முறையில் ஆரத்தி கரைப்பது என் வேலை. தண்ணீரில் மஞ்சள்பொடியைப் போட்டு ஒரு துளி சுண்ணாம்பைக் கரைத்தேன். குப்பென்று சிவந்தது. எத்தனையோ தடவை கரைத்த ஆரத்திதான். அன்றைக்கு மட்டும் அதைப் பார்த்ததும் என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. அட மடச்சி, இதைவிடப் பரிசோதனைக்கூடம் எதற்கு? காரம் அதிகம் இருந்தால் மஞ்சள் சிவக்கும். குறைந்தால் மறுபடி மஞ்சளாகும். மூச்சில் வருவதும் அதே கரியமில வாயு. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, இளநீர்க் குழல் ஒன்றைப் போட்டு, மணையில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் நீட்டினேன்.

"ஊது."

"எதுக்கு?"

"தினம் பிராணாயாமம் பண்றேன்னு பெருமை அடிச்சுக்கறயே. தம் இருந்தா ஊது."

தம் என்றால் விடுவானா? கன்னம் உப்ப ஊதினான். அவன் பெண் பக்கத்தில் மண்டியிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊத ஊதச் சிவப்பு வெளுத்து, ஆரஞ்சாகி, கடைசியில் மஞ்சளேதான். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. "பாத்தியா! உன் மூச்சுதான். நீயேதான் ஊதினே. இது அமிலம் ஆகலை, ஆனா மாறிடுத்து. கடல்லயும் இதான் நடக்கறது!"

அப்போது அடுக்களையிலிருந்து மன்னி வந்தாள். "ஐயையோ! ஆரத்தியை எச்சில் பண்ணிட்டேளே!"

என் அண்ணன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "அதான் விஷயம்! எச்சில். எச்சில் பட்டா எதுதான் நிறம் மாறாது? இதைப் போய் கரியமில வாயுங்கறா இவ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படின்னா வேற டம்ளர்ல ஊதாம வெறுமனே துப்பு. மாறறதான்னு பாத்துடலாம்."

"சிவ சிவா! பொறந்த நாளும் அதுவுமா ஆரத்தில துப்பச் சொல்றயா?"

பரிசோதனை அங்கே படுத்தது. நானும் விடவில்லை. தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய் ஒரு சோடா வாங்கி வந்து, தட்டில் மிச்சமிருந்த ஆரத்தியை இன்னொரு டம்ளரில் விட்டு அதில் ஊற்றினேன். எச்சிலும் இல்லை, ஒன்றும் இல்லை. உடனே மஞ்சளாயிற்று. "கடைக்காரன் அதுல என்னத்தைக் கலந்திருக்கானோ" என்றான். வெயிலில் ஓடி வந்த மூச்சிரைப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டிக்கொள்ளச் சுவர்கூடத் தூரத்தில் இருந்தது.

மன்னிக்கு நல்ல நேரம் தப்பிவிடுமே என்ற கவலை. புதிதாகக் கரைக்க நேரமில்லாமல், எச்சில் படாத சோடா ஆரத்தியையே தட்டில் கவிழ்த்து, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டுக் கலக்கினாள். மறுபடி சிவந்தது.

"அவ்ளோதான்! சரியாயிடுத்தே!" என்று அண்ணன் தொடையைத் தட்டினான். "கடல்லயும் சுண்ணாம்பைக் கொட்டினா முடிஞ்சது கதை. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

"அதைத்தாம்ப்பா அங்க படிக்கப் போறேன்" என்றாள் அவன் பெண். அதுவரைக்கும் அவள் வாயே திறக்கவில்லை. "எவ்வளவு கொட்டணும், எங்க கொட்டணும், கொட்டினா மீனுக்கு என்ன ஆகும்னு யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது."

அண்ணன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எரிமலையும் வரவில்லை, சாக்கடையும் வரவில்லை. மணையில் உட்கார்ந்தபடியே வேஷ்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சரிடீ. நீ போயிட்டா இந்த ஆத்துல யார் இருக்கா?"

அடப்பாவி! இதற்கா இத்தனை ஞாயிற்றுக்கிழமை? இதற்கா என்னை மீன்காரம்மாளிடம் திட்டு வாங்க வைத்தாய்? கடல் புளித்தால் என்ன, கரித்தால் என்ன, பெண் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் நான் மயிலாப்பூர் பஸ்ஸில் நின்றே கால் கடுத்திருக்க மாட்டேனே! இதையெல்லாம் கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நான் இருக்கேன்" என்றாள் மன்னி.

கையில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இங்கதான் இருக்கேன்."

அண்ணன் மணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான். "உக்காருங்கோ" என்றாள். பிறகு பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "நீயும் அப்பா பக்கத்துல வந்து நில்லு" என்றாள்.

அவள் வந்து நின்றாள். மன்னி இருவருக்கும் சேர்த்து ஆரத்தி சுற்றினாள். அண்ணன் நெற்றியில் பொட்டு வைத்தாள், பெண் நெற்றியிலும் வைத்தாள். தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, அத்தனை நாள் அந்த வீட்டில் குடித்த காபியெல்லாம் நெஞ்சில் கரித்தது. மன்னி வாசலுக்குப் போய்க் கோலத்தின் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"பதில் அனுப்பிட்டு வந்து சாப்பிடு" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு, காலித் தட்டோடு அடுக்களைக்குப் போனாள்.