நேர்ந்துவிட்ட தும்பை

எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது ஒரு மூங்கில் கம்பும் அதன் தலையில் கட்டிய மஞ்சள் துணியும்தான். துணி என்று சொல்ல நேற்றுவரை அதில் ஒன்றும் மிச்சமில்லை. சாரலில் நனைந்து வெயிலில் வெளுத்து நாலைந்து நூலாகத் தொங்கியது. கம்பைச் சுற்றி இந்த மாசியிலும் தும்பை பூத்துக் கிடக்கிறது, அரிசியை அள்ளி இறைத்தது போல. நடுநடுவே விஷ்ணுகிராந்தி நீலமாக எட்டிப் பார்க்கிறது. காலையில் தேன்சிட்டு வந்து செடி செடியாகத் தொங்கிக் குடிக்கிறது. தவிட்டுக்குருவிக் கூட்டம் சண்டைக்கு வந்தது போலக் கத்திக்கொண்டு அடியில் பூச்சி தேடுகிறது. தோட்டத்தைத் தாண்டினால் ஒரு வாய்க்கால். அதற்கு அப்பால் குற்றால மலையின் காடு.

அந்தத் துணியைக் கட்டியவர் என் மதினி, அண்ணன் மனைவி. ஆலங்குளத்துப் பக்கம் மழையை நம்பி விதைக்கிற ஊரில் பிறந்தவர். இங்கே வாழ வந்த புதிதில், நாங்கள் மிதித்துக்கொண்டு போகிற செடிகளையெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பார். கேலி செய்தால், "எங்க ஊர்ல புல்லு முளைச்சாலே ஆள் கூப்பிட்டுக் காட்டுவாவ, கொழுந்தனாரே. ஒங்களுக்குத் தண்ணி கண்ட திமிரு" என்பார்.

ஒரு வருஷம் மாசியில் அண்ணன் அந்த இடத்தில் இரண்டு அறை கட்ட முடிவு செய்தார். சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். தெருவில் பாதி வீடு அப்படித்தான் பிழைக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. மதினி வேண்டாம் என்றார். அண்ணன் காதில் வாங்கவில்லை. கொத்தனார் ஆட்களோடு வந்து பின்கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தும்பைக்கு நடுவே கம்பு, கம்பில் மஞ்சள் துணி, துணி முனையில் முடிந்த காணிக்கைக் காசு.

நேர்ந்துவிடுவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த காரியம். பிள்ளைக்குக் காய்ச்சல் தணியாவிட்டால் ஒரு கிடாவைச் சுடலைமாடசாமிக்கு என்று சொல்லி மஞ்சள் துணி கட்டி விட்டுவிடுவோம். பிறகு அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் ஒருவரும் கல்லெடுக்க மாட்டார்கள். மதினி அதே துணியை ஒரு களைக்காட்டுக்குக் கட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, சாமிக்கு நேர்ந்த எடத்துல நான் மம்பட்டி வைக்க மாட்டேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு" என்று சொல்லிக் கொத்தனார் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏட்டி, இது சாமிக்குச் செஞ்சதா, எனக்குச் செஞ்சதா?"

மதினி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டுக்குந்தான்" என்றார்.

அண்ணன் லேசில் விடுகிற ஆள் இல்லை. "கிடாய நேர்ந்தா கோயில் கொடைக்கு வெட்டணும். இதை எப்படிட்டி வெட்டுவ?" என்று மடக்கினார். "தெனமும் பறிச்சுக் கொடுக்கேன். பூ இருக்க மட்டும் கொடுப்பேன்" என்று மதினி சொன்னார். வாய்வார்த்தையாகத்தான் சொன்னார் என்று நான் நினைத்தேன். தும்பைப் பூ நகக்கண் அளவுதான் இருக்கும். ஒரு கை நிறையப் பறிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். ஆனால் தையில் பூ தொடங்கிப் பங்குனி வெயிலில் செடி காய்கிற வரை, காய்ச்சலானாலும் மழையானாலும் மதினி குளித்து, வாழையிலைத் துண்டில் பூவை ஏந்தி, வாய்க்காலைத் தாண்டிக் காட்டோரத்துச் சுடலை பீடத்துக்குப் போவார். தும்பை சிவனுக்கு உகந்த பூவாயிற்றே, சுடலைக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "அப்பனுக்குப் பிடிச்சது மவனுக்குப் பிடிக்காதாக்கும்" என்று ஒரே பதில்.

பல நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். பீடத்துக்கு மேலே நிற்கிற இலவமரம் அந்த மாதத்தில் ஓர் இலை இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். மைனாவும் கொண்டைக்குருவியும் காக்கையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து தேன் குடிக்கும். சிந்துகிற பூ சொத்தென்று பீடத்தின் மேலேயே விழும். "பாத்தீரா, இந்த மரம் நான் கொண்டு வாறதவிட அதிகமாக் கொடுக்கு" என்பார். வீட்டுத் தும்பையில் ஒரு பாதியை மதினி பறிக்கவே மாட்டார். அது தேன்சிட்டுக்கு. "சாமி சொத்தைக் குருவிக்குக் கொடுக்கலாமா மதினி?" என்று சீண்டினால், "குருவி யாரு பெத்த பிள்ளையாம்?" என்பார்.  

அண்ணன் முதலில் போனார். போன புரட்டாசியில் மதினியும் போய்விட்டார். தையிலிருந்து நான்தான் பூப் பறிக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அண்ணன் மகன்தான். சென்னையில் போலீஸ் வேலையில் இருக்கிறான். நல்ல பையன். போன வாரம் போனில் பேசினான்.

"சித்தப்பா, அம்மா நேர்ந்தது அம்மாவோட போச்சு. சீசனுக்குள்ள அங்கன கல்லு பதிச்சிருவோம். வேன் நிப்பாட்ட எடம் இல்லாம அருவிக்கு வாற ஆளுக திரும்பிப் போறாவ. ஞாயித்துக்கிழமை மிஷினோட வாறேன்."

"எடத்துல பாதி என் பேர்ல இருக்குலே. நான் சம்மதிக்கல" என்றேன்.

"நாலு களைக்காகவா இந்தப் பிடிவாதம்? ஞாயித்துக்கிழமை வந்து கேப்பேன். அப்பவும் இதையே சொன்னா, பொறவு நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன், பாத்துக்கிடுங்க."

போனை வைத்த பிறகு வெகுநேரம் பின்கதவிலேயே நின்றேன். பயமாகத்தான் இருந்தது. படி ஏற மாட்டேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்புப் படித்தவன் நான், அவனைப் போல நியாயம் பேச வராது. ஆனால் மதினி நேர்ந்தது மதினிக்காக இல்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்க நாங்கள் யார்? நான் கண் மூடினால் பூட்டிக் கிடக்கப்போகிற இந்த வீட்டைவிட, மாசிதோறும் வருகிற அந்தச் சிட்டுக்குத்தான் இந்த இடத்தில் பாத்தியதை அதிகம்.

நேற்று தென்காசிக் கடைத்தெருவில் ஒரு முழம் வெள்ளைத் துணி வாங்கிவந்து, மஞ்சளில் முக்கிக் கொடியில் காயப்போட்டேன். இன்று சனிக்கிழமை. விடிந்ததும் குளித்து, பழைய நூலை அவிழ்க்காமல் அதன் மேலேயே புதுத்துணியைக் கட்டினேன். முனையில் காசு முடிந்தேன். கம்பு ஆடியதில் தேன்சிட்டு ஒரு தடவை விலகிப் பறந்து, மறுபடியும் அதே பூவுக்கு வந்தது.

நாளை அவன் வரட்டும். அவன் அப்பா கேட்டதையே அவனும் கேட்பான், இது சாமிக்கா, எனக்கா என்று. நான் கதவில் நின்றுகொண்டு சொல்வேன், ரெண்டுக்குந்தான்.