பாதி மலையில் ஒரு வாங்கு

இன்று முதியோர் சங்கத்தோடு, எங்கள் நகரின் நடுவே இருக்கும் மொன்ட் ரோயல் மலைக்கு இலை பார்க்கப் போனேன். ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. காற்று இல்லாதபோதும் அவற்றின் இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

உச்சியில் நின்று அந்த மஞ்சளைப் பார்க்கவேண்டும் என்று என் மனைவி ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் சொல்வாள். இந்தச் சித்திரையில் போய்விட்டாள். அவளுக்காகப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

பாதி வழியில் சங்கச் செயலாளர் பரமேஸ்வரி கேட்டார்:

"அண்ணை, ஆண்டுத்திவசம் முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை."

"ஐயோ, ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாதெல்லே!"

கூட வந்த நடராசா சிரித்தார். "அது கோயில் இருக்கிற மலைக்கு. இஞ்ச மேல கோப்பிதான் விக்கிறாங்கள். நீங்கள் வாங்கோ அண்ணை."

"மலை எண்டா மலைதான். நீர் சும்மா இரும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்கள் போங்கோ. நான் இதில இருக்கிறன்" என்றேன்.

மரங்களுக்குக் கீழே ஒரு வாங்கில், நீளமான மர இருக்கையில், உட்கார்ந்தேன். இலைகள் மடியில் விழுந்தன. துக்கம் வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. கை குளிர்ந்தது, கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் நினைவு வந்தது. அவளைத் தகனம் செய்த மயானமும் இதே மலையில்தான் இருக்கிறது. அன்று பரமேஸ்வரி உட்பட எல்லோருமாகக் கார்களில் மலை ஏறிப் போனோம். யாரும் தடுக்கவில்லை.

அந்த ஏற்றம் கணக்கில் வருமா? முறை தெரிந்தவர்கள் எழுதுங்கள். பனி விழுவதற்குள் சொன்னால் நல்லது.